பதற்றத்துக்கு மாத்திரை மட்டும்தானா? அரசு மருத்துவமனையில் பேச்சுவழிச் சிகிச்சை கேட்டுப் பெறும் வழி

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

கருங்கல் பக்கம் வசிக்கிறார், வயது 31. மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் வளைகுடாவில். வீட்டில் மாமியாரும் ஐந்து வயது மகனும். எட்டு மாதம் முன்பு, காலைப் பேருந்து நெரிசலில் நின்றபோது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைவிரல்கள் மரத்துப்போய், 'இதோ செத்துவிடுவேன்' என்று தோன்றியிருக்கிறது. இறங்கி உட்கார்ந்த கால் மணி நேரத்தில் அடங்கியது. அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது. இசிஜி, எக்கோ, டிஎம்டி என்ற இதயப் பரிசோதனைகள், தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல். இப்போது பேருந்தில் ஏறுவதே இல்லை. சம்பளத்தில் பெரும்பங்கு ஆட்டோவுக்குப் போகிறது. ஒரு மருத்துவர் பத்து நாளுக்கு எழுதித் தந்த, பதற்றம் தணிக்கும் அல்ப்ரசோலம் 0.25 மில்லிகிராம் மாத்திரையை, பழைய சீட்டையே காட்டி ஐந்து மாதமாக வாங்கிப் போடுகிறார்: இரவில் ஒன்று, வெளியே கிளம்பும்போது ஒன்று. தனியாரிடம் கவுன்சலிங் விசாரித்தபோது ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், பத்துத் தடவைக்கு முன்பணம் என்றிருக்கிறார்கள். "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரைதானே தருவார்கள், உட்கார வைத்துப் பேச ஆள் இருக்கிறார்களா? அங்கே பெயர் பதிந்தால் நாளைக்கு அரசு ஆசிரியர் வேலைக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் இடைஞ்சலாகாதா? மாமியார், 'மக்களே, ஜெபிச்சா மாறும், ஊளம்பாறைக்குப் போற அளவுக்கு ஒனக்கு என்ன வந்தது' என்கிறார் (ஊளம்பாறை, திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம்). நான் என்ன செய்ய? போவதென்றால் முதல் நாள் துணைக்கு யாரைக் கூட்டிப்போக?" என்று கேட்கிறார்.

சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றி, மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். இப்போதைக்கு அவசரம் அதில்தான்.

மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள்

அல்ப்ரசோலம் சில நாள், அதிகம் போனால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை போடுவதற்கான மருந்து. அதைத் தாண்டித் தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஐந்து மாதம் பழகிய உடம்பில் ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், படபடப்பு முன்பைவிட மோசமாகும். அரிதாக வலிப்புகூட வரலாம். பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். மருந்தை விட்டதால் வந்த படபடப்பை 'நோய் திரும்பிவிட்டது' என்று எண்ணி மறுபடி கடைக்குப் போகிறார்கள். மனநல மருத்துவர் இதை வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். உங்கள் அளவு பெரிதல்ல. முறைப்படி குறைத்தால் விடுபட்டுவிடலாம். அவரைப் பார்க்கும்வரை இப்போதைய அளவிலேயே இருங்கள். ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அரசுப் பதிவேட்டில் பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அல்ப்ரசோலம் எச்1 அட்டவணை மருந்து, அதாவது கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்து. அதை விற்கும் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் எழுதிய மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பழைய சீட்டுக்குத் தொடர்ந்து கொடுப்பது தவறு. மறைவாக இருப்பதாக நீங்கள் நினைக்கும் வழியில் உங்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு மட்டும்தான் இல்லாமல் போயிருக்கிறது.

உங்களுக்கு வந்திருப்பது என்ன

கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியது பேனிக் அட்டாக் எனப்படும் பீதித் தாக்கோடும், அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் இடங்களைத் தவிர்க்கும் பழக்கத்தோடும் பொருந்துகிறது. திடீரென்று ஏறி, பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பெரும்பாலும் அரைமணிக்குள் இறங்குவது அதன் இயல்பு. விரல் மரத்துப்போனதற்கும் காரணம் உண்டு: பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; அதனால் விரல்நுனியும் உதட்டோரமும் மரக்கும், தலை லேசாகும். அந்த நேரத்தில் மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய யோசனை வேண்டாம்.

எக்கோவும் டிஎம்டியும் மறுபடி எடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு 'நார்மல்' அறிக்கையும் இரண்டு நாளுக்கு நிம்மதி தரும். மூன்றாம் நாள் சந்தேகம் திரும்பும். ஆனால் நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு வலித்து, ஓய்ந்து நின்றதும் குறைந்தால், அல்லது மயங்கி விழுந்தால், அதைப் பதற்றம் என்று தள்ளாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே போவது

பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. காப்பீட்டு அட்டையும் தேவையில்லை. வெளிநோயாளிப் பிரிவில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். உங்களுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு முதலாவது. முதல் மதிப்பீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். மருந்தைக் குறைப்பதும் பேச்சுவழிச் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடக்கும், தேவைப்பட்டால் இதய மருத்துவரிடமும் அங்கேயே காட்டலாம். சீட்டு போடுவது காலையில். கூட்டம் ஏறுமுன் போய்ச் சேருங்கள். பதினொரு மணிக்குப் போனால் அவசர அவசரமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது, மாவட்ட மனநலத் திட்டம். மனநல மருத்துவர், உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவதுதான் இந்தத் திட்டத்தின் அமைப்பு. குளச்சல், குழித்துறை, பத்மநாபபுரம் அரசு மருத்துவமனைகள் உங்களுக்கு எட்டும் தூரம். எந்தக் கிழமை எங்கே வருகிறார்கள் என்பது மாறும். பள்ளிக்கு விடுப்பு எழுதுமுன் அந்த மருத்துவமனையில் விசாரியுங்கள். 'மனநல டாக்டர் என்றைக்கு வருவார்' என்று மட்டும் கேட்காமல், 'கூட சைக்காலஜிஸ்ட் வருவாரா' என்றும் கேளுங்கள். எல்லா முகாமுக்கும் உளவியலாளர் வருவார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது, 14416 என்ற தொலைபேசி எண். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இரவும் பகலும், தமிழில், இலவசம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மருத்துவருக்கு இணைப்பார். ஒரே ஆளிடம் தொடர்ந்து செய்யும் சிகிச்சைக்கு இது ஈடாகாது; கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுக்கலாம். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே தடுமாறும் இரவுகளுக்கு இது மிக உதவும். இன்றைக்கே கூப்பிடலாம்.

உள்ளே போனதும் என்ன சொல்வது

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. ஆனால் அது தானாக உங்களைத் தேடி வராது. கூட்டம் நிற்கும் ஓ.பி.யில் மருத்துவருக்கு உங்களோடு சில நிமிடம்தான் கிடைக்கும். அதில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம்தான் எழுதப்படும் சீட்டைத் தீர்மானிக்கிறது. 'தூக்கம் வரலை டாக்டர்' என்று தொடங்கினால் தூக்கத்துக்கு மாத்திரை. 'நெஞ்சு படபடப்பு' என்று தொடங்கினால் மறுபடி இசிஜி. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்களையும் அவர் பார்த்தாக வேண்டும்.

ஆகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பக்கம் போதும். எப்போது தொடங்கியது, வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம், அதற்குப் பயந்து எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் (பேருந்து, சந்தை, ஞாயிறு ஆராதனையில் முன்வரிசை, எதுவானாலும்), ஏற்கெனவே செய்த பரிசோதனைகள், என்ன மாத்திரை, எத்தனை மாதம். மாத்திரை அட்டையையே கையில் கொண்டுபோங்கள். அல்ப்ரசோலத்தைக் கடையில் வாங்கிப் போட்டதை மறைக்காதீர்கள். இது தெரியாமல் எழுதும் எந்தச் சீட்டும் சரியாக இருக்காது. காபி, தேநீர் ஒரு நாளைக்கு எத்தனை என்பதையும் எழுதுங்கள். அடுத்த குழந்தைக்கான எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மருந்துத் தேர்வு மாறும். கடைசி வரியில்: 'எனக்கு சிபிடி போன்ற பேச்சுவழிச் சிகிச்சை வேண்டும், சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்க எழுதித் தாருங்கள், மாத்திரையை எப்படிக் குறைப்பது என்றும் சொல்லுங்கள்.' (சிபிடி என்பது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை.)

இப்படி ஒரு கோரிக்கையை எழுத்தில் பார்க்கும் மருத்துவர் பெரும்பாலும் அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார். அங்கே போனபின்தான் இரண்டாவது சிக்கல் வரும். முதல் சந்திப்பு முழுக்க விவரம் கேட்பதிலும் கேள்வித்தாள் நிரப்புவதிலும் போகும். பதற்றத்தை அளக்கும் ஏழு கேள்விகள் கொண்ட தாளாக அது இருக்கலாம். 21க்கு எத்தனை என்று மதிப்பெண் வரும், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய அளவு. உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டுக் குறித்துவையுங்கள். 'ஒன்றும் சொல்லித் தரவில்லையே' என்று அதோடு நின்றுபோகிறவர்கள் நிறையப் பேர். நாற்காலியை விட்டு எழும் முன் அடுத்த தேதியை வாங்குங்கள். 'அப்புறம் வாங்க' என்றால், 'எந்தத் தேதி, எத்தனை மணி, யாரைக் கேட்டு வரணும்' என்று கேட்டு ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே ஆளிடம் தொடர்வது இந்தச் சிகிச்சையில் மருந்தின் அளவுக்கு முக்கியம்.

உளவியலாளர் விடுப்பில் இருந்தாலோ வாரக்கணக்கில் தேதி இல்லையென்றாலோ, மனநல சமூகப் பணியாளரிடம் தொடங்கலாமா என்று கேளுங்கள். மூச்சுப் பயிற்சி, பதற்றம் எப்படிச் சுழல்கிறது என்ற விளக்கம், வீட்டுப் பயிற்சித் திட்டம் ஆகியவற்றை அவர்களும் கற்றுத் தருவார்கள். 'இங்கே அதெல்லாம் கிடையாது' என்று யாராவது கைவிரித்தால், அந்தப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. 28ஆவது பிரிவின்படி சேவைக் குறைபாட்டை முதலில் அந்த மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுக்கலாம். பிறகு மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். சட்ட உதவி வேண்டுமானால் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். உங்களுக்கு இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். தெரிந்து வைத்திருந்தால் குரல் நடுங்காமல் கேட்கலாம்.

அந்த அறையில் நடப்பது என்ன

கவுன்சலிங் என்றால் ஆறுதல் வார்த்தையும் அறிவுரையும் என்று உங்கள் கடிதத்தின் தொனியில் தெரிகிறது. சிபிடி அப்படியல்ல; பயிற்சி வகுப்புக்கு அருகில் வரும். ஆசிரியையான உங்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். படபடப்பு வந்ததும் 'மாரடைப்பு' என்று மனம் சொல்கிறது, அந்தப் பயத்தில் படபடப்பு கூடுகிறது, பேருந்தைவிட்டு இறங்கியதும் குறைகிறது, 'இறங்கியதால் பிழைத்தேன்' என்று மூளை பதிந்துகொள்கிறது. அடுத்த தடவை பயம் இன்னும் முந்தி வருகிறது. இந்தச் சுழலை அறுப்பதுதான் வேலை.

வழி, சிறிது சிறிதாக எதிர்கொள்வது. உங்கள் விஷயத்தில் அது இப்படி இருக்கக்கூடும்: முதலில் கருங்கல் பேருந்து நிலையத்தில் பதினைந்து நிமிடம் நிற்பது, ஏற வேண்டாம். பிறகு மத்தியானம், கூட்டமில்லாத வண்டியில் இரண்டு நிறுத்தம், துணையோடு. பிறகு தனியாக. பிறகு திங்கள்சந்தை வரை. கடைசியில் காலை நெரிசலில் மார்த்தாண்டம். ஒவ்வொரு படியிலும் பயத்தைப் பத்துக்கு எத்தனை என்று குறிக்க வேண்டும். ஏறிய பயம் பாதியாக இறங்கும்வரை அங்கேயே இருந்து பழக வேண்டும். உச்சத்தில் இறங்கி ஓடினால் பழைய பாடம் இன்னும் அழுத்தமாகப் பதியும். ஒரு படி குறைந்தது மூன்று நான்கு தடவை, முடிந்தால் தினமும். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் இந்தப் பயிற்சிக்குக் காசு செலவில்லை. கிளம்புமுன் ஒரு அல்ப்ரசோலம் போட்டுக்கொண்டு இதைச் செய்தால் பலன் குறையும். 'மாத்திரைதான் காப்பாற்றியது' என்று மூளை கணக்கு எழுதிவிடும். மருந்தைக் குறைப்பதும் இந்தப் பயிற்சியும் கைகோத்துப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

வாரம் ஒன்றாக 12 முதல் 15 சந்திப்புகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரசு மருத்துவமனையில் வாராவாரம் கிடைக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றாகலாம். அதில் மனம் தளர வேண்டாம். இந்தச் சிகிச்சையின் பலன் பெரும்பாலும் இடைப்பட்ட நாட்களில் நீங்கள் செய்யும் பயிற்சியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் 'அடுத்த தேதிவரை நான் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுமுறை அந்த நோட்டோடு போங்கள். ஆறு சந்திப்புக்குப் பிறகும் மதிப்பெண் அசையவில்லை என்றால் திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

மருத்துவர் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்து எழுதினால் 'மறுபடியும் மாத்திரையா' என்று ஒதுக்காதீர்கள். இவை அல்ப்ரசோலம் வகை அல்ல. இன்னும் கொஞ்சம் என்று ஏங்க வைப்பதில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும், சிலருக்குப் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரமாகும். தேறியபின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும்.

பெயர் வெளியே போகுமா

ஓ.பி. சீட்டு தேர்வு வாரியத்துக்கோ கல்வித் துறைக்கோ போவதில்லை. மேலே சொன்ன மனநலச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உங்கள் மனநலச் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும்படி மருத்துவமனையைக் கட்டுப்படுத்துகிறது. சிகிச்சைக்குத் தேவையான பிற மருத்துவர்கள், உயிருக்கு ஆபத்தைத் தடுப்பது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள்தான் உண்டு. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து ஒருவரைப் பின்னாளில் மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்று 3ஆவது பிரிவு சொல்கிறது. பதிவின்போது ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) கேட்டால், அது தன்விருப்பம். இல்லாமலும் சிகிச்சை உண்டு. நாளை ஏதாவது படிவத்தில் நேரடியாகக் கேட்டால் பொய் எழுத வேண்டாம். சிகிச்சையால் கட்டுக்குள் இருக்கும் பதற்றத்தோடு எத்தனையோ பேர் வகுப்பெடுக்கிறார்கள். சிகிச்சையில்லாமல் பேருந்தேற முடியாமல் இருப்பதுதான் வேலைக்கு இடைஞ்சல்.

தங்கச்சி கல்யாணம் பற்றி: சட்டம் மருத்துவமனையின் வாயைக் கட்டும், ஊரின் வாயைக் கட்டாது. அந்தப் பயம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து மருத்துவமனையில் தெரிந்த முகங்கள் உறுத்தினால் ஆசாரிப்பள்ளமே நல்லது. பெரிய வளாகம், ஆயிரம் காரணத்துக்கு ஆட்கள் வருகிற இடம்.

அந்த 1,500 ரூபாய்

தனியாரிடம் போகவே கூடாது என்பதில்லை. சனிக்கிழமையோ மாலையிலோ நேரம் கிடைக்கும், ஒரே ஆளிடம் தொடரலாம். இவை உண்மையான வசதிகள். ஆனால் பத்துத் தடவைக்கு முன்பணம் கட்ட வேண்டாம். ஒவ்வொரு சந்திப்புக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. குறுகிய காலச் சான்றிதழோடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். கை நெருக்கடியாக இருந்தால், மருந்துக்கும் முதல் மதிப்பீட்டுக்கும் அரசு மருத்துவமனை, இடையில் தேதி கிடைக்காதபோது ஒன்றிரண்டு தனியார் சந்திப்பு என்று கலந்தும் செய்யலாம். இரு பக்கமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மாமியாரும் முதல் நாளும்

ஊளம்பாறை என்ற சொல் நம் பக்கத்து வீடுகளில் எவ்வளவு பயத்தை ஏற்றி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னவரை எதிரியாக்க வேண்டாம். ஜெபத்தையும் சிகிச்சையையும் ஒன்றுக்கு ஒன்று போட்டியாக நிறுத்தத் தேவையில்லை; ஜெபம் அவருக்குத் தைரியம் தருகிறதென்றால் தொடரட்டும். ஒரே நிபந்தனை: யார் சொன்னாலும், எந்தக் கூட்டத்தில் சொன்னாலும், மாத்திரையை நிறுத்துவது மருத்துவர் சொல்லித்தான்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். 14416 அல்லது 104 எண்ணில் அந்த நிமிடமே பேசுங்கள். ஆபத்து நெருங்கினால் 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடிதத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை. மருத்துவர் கட்டாயம் கேட்பார், தயங்காமல் பதில் சொல்லுங்கள்.

முதல் நாள் துணைக்கு யாரைக் கூட்டிப்போவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். மாமியாரையே கூட்டிப்போங்கள் என்பது என் யோசனை. மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இருவருமாகக் காலையிலேயே கிளம்புங்கள். மருத்துவரிடம் முதலில் நீங்கள் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். அது முடிந்தபின் மாமியாரை உள்ளே அழைத்து, இது என்ன நோய், எவ்வளவு நாளாகும், வீட்டில் என்ன உதவி வேண்டும் என்று அவருக்கும் விளக்கச் சொல்லுங்கள். பேருந்துப் பயிற்சியின் முதல் சில நாட்களில் பக்கத்து இருக்கையில் உட்கார ஓர் ஆள் தேவைப்படும். அது அவராகவே இருக்கலாம்.